மேல் லயத்தில் விடுபட்ட பெயர்

அக்கா,

போன வாரம் பிரதேச சபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் பழைய தேர்தல் முடிவுத் தாளின் நகல் ஒன்று இருந்தது. இல்லாமல் போன வட்டாரங்களைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். "ஆயம்மா, ஒங்க மகன்தான நம்ம வட்டாரத்து மெம்பரா இருந்தாரு. தோட்டத்து லயத்துல எல்லாருக்கும் ஓட்டுப் படிவம் நெரப்பிக் குடுத்ததும் நீங்கதானாம். தேர்தல் வரலாறுன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்றாள்.

நம் வட்டாரத்துக்கு வரலாறா என்று சிரித்தேன். பிறந்து ஒரே தேர்தல் கண்டது. அடுத்த முறை எல்லையைத் திருத்தியபோது பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்துப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் எதற்கு, நாலு வரி போதும். உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதினேன். நாலாவது வரி உங்களைப் பற்றியது. பேனா அதற்கு மேல் நகரவில்லை.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன்மார் முதல் கோச்சியில் ஏறி, கப்பல் பிடித்து இந்தியாவுக்குப் போனார்கள். மாமியாருக்கு முடியவில்லை, அடுத்த தடவை வருகிறேன் என்று நீங்கள் நின்றுகொண்டீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தது, சாமான் கட்டியிருந்தது. அதற்குள் தலைமன்னாரில் கப்பல் நின்றுபோனது. அந்தக் கரைக்குப் போகவும் இல்லை, இந்தக் கரையில் பேர் பதியவும் இல்லை. இடையில் எத்தனை வருடம் கொழுந்து பறித்தீர்கள்! இந்த மலைக்கு உங்களைத் தெரியும். அரசாங்கக் கச்சேரிக்குத்தான் தெரியாது.

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதியது நான். நான் ஆயாவாக இருந்த பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, அந்தப் பெரிய தாள்களை விரித்து வைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பேன். பிறந்த திகதி கேட்டால், "பெரிய மழ பேஞ்ச வருஷம்னு எழுது" என்பீர்கள். நுவரெலியாவுக்கு நாலு தடவை அலைந்தோம். கடைசியில் அடையாள அட்டை வந்த அன்று, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் காட்டினீர்கள். வேலை வாங்குகிற கண்டாக்கையாவுக்கும் காட்டினீர்கள். "ஓட்டுச் சீட்டுல ஒரே ஒரு தடவ புள்ளடி போட்டுட்டாப் போதும் புள்ள. அப்புறம் செத்தாலும் இந்த நாட்டுப் பொணம்" என்று சொன்னீர்கள்.

அந்த வருடம் வாக்காளர் படிவம் வந்தபோது, வட்டாரத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சும் வந்துவிட்டது. என் மகன் நிற்பான் என்பதும் தெரிந்துவிட்டது. உங்கள் மேல் லயத்துத் தண்ணீர்ப் பீலியைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, குழாயைக் கீழ் லயத்தோடு நிறுத்தியிருந்தான் அவன். நீங்கள் என் அடுப்படியில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ஒன் மகன் நல்ல பையந்தான். ஆனா அவனுக்குப் போடமாட்டேன். எதிர்த்து நிக்கிற பையனுக்குத்தான் போடுவேன். ஒங்கிட்ட மறைக்கப்படாதுன்னு சொல்றேன்."

வேறு யாராவது இருந்தால் மனதில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். நீங்கள் சொன்னீர்கள். எனக்கு உச்சி வரை ஏறியது. இவளுக்குப் பேப்பரை வாங்கிக் கொடுத்ததே நான், அதை வைத்து என் பிள்ளைக்கே எதிராகப் போடுவாளா என்று நினைத்தேன். மறுநாள் உங்கள் படிவத்தை நிரப்பாமல், கிராம சேவகரிடம் கொடுக்கவிருந்த கட்டிலிருந்து உருவி அடுப்பில் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மகனுக்கு இன்றுவரை தெரியாது. "குடுத்துட்டியா புள்ள?" என்று கேட்டீர்கள். குடுத்துட்டேன் என்றேன்.

கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. பிறகு பட்டியலை ஒட்டினார்கள். விடுபட்டவர்கள் பெயரைச் சேர்க்க நாள் கொடுத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். மேல் லயத்துக் கடைசியில், உங்கள் தொங்கல் காம்பராவுக்கு நேரே யார் பெயரும் இல்லை. ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாதபடி இதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

தேர்தல் நாளன்று தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். வரிசையில் எனக்கு நாலு பேர் பின்னால் நின்றீர்கள். நான் புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்தபோது உங்கள் அட்டையை ஓர் அதிகாரி புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம நே, அம்மே" என்றார், பேர் இல்லையாம். நீங்கள் சிங்களத்திலேயே திரும்பக் கேட்டீர்கள். அவர் இன்னொரு முறை தேடினார். நல்ல மனுஷன், மூன்றாவது முறையும் தேடினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பேர் இல்லாதது உங்கள் குற்றம் என்பதுபோல, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு விலகி வந்தீர்கள்.

வெளியே மை பூசிய விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் நீங்கள் என் தோளைத் தொட்டு, "அழுவாத புள்ள. நீ எழுதித்தான குடுத்த. அவனுங்கதான் இன்னும் என்னய இந்தியாக்காரியா வச்சிருக்கானுங்க" என்றீர்கள். என் தப்பை நாட்டின் தலையில் போட்டு எனக்கே ஆறுதல் சொன்னீர்கள். நாடு உங்களுக்குச் செய்தது கொஞ்சமா நஞ்சமா? அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நானும் அந்த மறைவில் நின்றுகொண்டேன்.

மகன் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றான். உங்கள் ஒரு புள்ளடி அவனை ஒன்றும் செய்திருக்காது. அதை நினைக்கும்போதுதான் வெட்கம் இன்னும் கூடுகிறது. எதற்காகச் செய்தேன்?

அடுத்த வருடம் படிவத்தை நானே தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறி வந்தேன். நீங்கள் தொடவில்லை. "வேணாம் புள்ள. இன்னொருக்கா நாலு பேரு முன்னால அசிங்கப்பட ஒடம்புல தெம்பு இல்ல." எவ்வளவோ கெஞ்சினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதைத் தவிர எல்லாம் சொன்னேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, தாளை நிரப்ப யார் இருக்கிறார்கள் என்று தாதி கேட்டாள். என்னைக் காட்டி, "இவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். மூச்சு வாங்கியது உங்களுக்கு. வாயைத் திறந்தேன் அக்கா. சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். ஒரு தடவைகூடப் புள்ளடி போடாமல்.

சபைப் பெண் நாளைக்கு வருவாள். நாலாவது வரியையும் எழுதித்தான் கொடுக்கப்போகிறேன், உங்கள் பெயரோடும் என் பெயரோடும். மகன் என்ன சொல்வானோ சொல்லட்டும். அதை எழுதிவிட்டதால் நான் நல்லவளாகிவிட மாட்டேன் என்பதும் தெரியும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு அதைச் செய்தேன். இன்றைக்கு இந்த மடலையும் அதே தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.