வயித்துக்குக் கீழே போடுற பெல்ட்டு

குவைத்

அன்புள்ள சங்கரிக்கு,

நான் நல்லா இருக்கிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்குது? வலியோட தறியில உக்காராதே. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு. இதைப் போன்ல பேச என்னால முடியாது, அதான் எழுதுறேன்.

முதலாளியோட மருமகளுக்கு இது ஏழாம் மாசம். நேத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். வயிறு அழுந்தும்னு சீட் பெல்ட்டே போடலை. வளைகாப்பு முடிஞ்சு வாலாஜாபாத்துக்கு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பினப்ப, கார்ல உனக்கும் எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க?

நான் வண்டியை எடுக்கவே இல்லை. கீழ்ப் பட்டை வயித்துக்கு அடியில, தொடையை ஒட்டிப் போகணும், மேல் பட்டை மார்புக்கு நடுவுல வந்து வயித்துக்குப் பக்கமா இறங்கணும்னு சொல்லிப் போட வெச்சேன். இங்க வேலைக்கு வந்துதான் இதெல்லாம் கத்துக் குடுத்தாங்க. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, அந்த லாரி மோதினப்பவும் நம்ம குழந்தை தப்பிச்சிருக்குமோ என்னமோ.

"உனக்குப் பிள்ளைங்க இருக்குதா?"ன்னு வழியில அவங்க கேட்டாங்க. "ஒரு பொண்ணு"ன்னு வாயில வந்துடுச்சு. பேர் கேட்டாங்க. ரோட்டையே பாத்துக்கினு ஓட்டினேன்.

யாராவது இங்க வந்தா ஊசியும் வெள்ளை நூலும் குடுத்தனுப்பு, சட்டைப் பொத்தான் பிஞ்சிடுச்சு. முதலாளி கூப்பிடுறாரு, கிளம்புறேன். அடுத்த மாசமும் அந்த மருமகளை நான்தான் கூட்டிக்கினு போகணும், மறுபடி கேப்பாங்க. நம்ம பொண்ணுக்கு ஒரு பேர் வெச்சு எழுதும்மா.

உன்
தேவேந்திரன்