என் சிரிப்பைக் கொண்டுபோய் எங்கே ஒட்டினார்கள்

ஆகஸ்ட் 5, 2024. திங்கள்.

நேற்று ஆடி அமாவாசை. தேவிபட்டினத்தில் கால் வைக்க இடமில்லை. கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தைச் சுற்ற வந்த கூட்டம் ஒரு லட்சம் இருக்கும். போலீஸ்காரர்கள் இருபதாயிரம் என்கிறார்கள், அவர்களுக்கு எண்ணத் தெரியாது. என் ‘முத்தழகு சவுண்ட் சர்வீஸ்’ குழாய் ஸ்பீக்கர்கள் எட்டும் நேற்றுக் கட்டியாயிற்று. "பையைப் பத்திரமாப் பார்த்துக்கங்க" என்று நான் மைக்கில் சொன்னது இலங்கைக்கே கேட்டிருக்கும். அங்கேயும் இரண்டு பேர் பையைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

இன்று உடம்பெல்லாம் வலி. ஆனால் படுக்க நேரமில்லை. வருகிற ஞாயிறு சென்னையில் ‘அந்தப் பக்கம் இந்தப் பக்கம்’ டி.வி. விவாத நிகழ்ச்சியின் ஆண்டு விழாப் படப்பிடிப்பு. வருஷத்துக்கு ஒரு தரம் அரங்கு முழுக்க ரசிகர்களையே உட்கார வைத்து, அவர்களையே பேசவும் விடுவார்கள். எங்கள் கடற்கரை ரசிகர் மன்றம் ஐந்தாவது வருஷமாகப் போகிறது. தலைவர் நான். கீழக்கரை அப்துல் குத்தூஸ் பாயும் தன்னைத் தலைவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். துபாயில் இருந்துவிட்டு வந்தவர், வேனுக்கு ஏற்பாடு செய்கிறவர். போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

விட முடியாத விஷயம் வேறு. இந்த வருஷத் தலைப்பு: போனைக் கீழே வைக்காதவர்களும் போனே வேண்டாம் என்பவர்களும். பேசுகிற ஆட்களை நிகழ்ச்சிக்காரர்கள் முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசித் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷமாகப் போகிற என்னை எடுக்கவில்லை. முதல் தரம் வருகிற சோணையம்மாளை எடுத்திருக்கிறார்கள்! கடற்கரையில் நவதானியப் பொட்டலம் விற்கிறவள். என் சிநேகிதன் செல்லச்சாமியின் பெண்டாட்டி. அவன் நண்டு வலை போடப் போய் நாலு வருஷமாகிறது. வள்ளம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை.

நல்ல பிள்ளைதான், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். ஆனாலும் மைக் பிடிக்கிற தொழில்காரன் ஒருத்தன் இங்கன இருக்கும்போது? என்ன நியாயம் இது?

ஆகஸ்ட் 12. திங்கள்.

காலையில் வந்து இறங்கினோம். குளித்துச் சாப்பிட்டு எழுதுகிறேன்.

அரங்கம் ராமேஸ்வரம் கோயில் பிரகாரம் அளவு இருக்கும். கொஞ்சம் குறையலாம். ஏசி குளிரில் குத்தூஸ் பாயின் தாடி விறைத்துவிட்டது. தொகுப்பாளர் தம்பி என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். எனக்குப் பின்னால் இருந்த விளக்குக்காரனைப் பார்த்து அசைத்தார் என்று பாய் சொல்கிறார். பொறாமை.

தொடங்கும் முன்னால், காதில் வயர் மாட்டிய ஒரு பெண் வந்தாள். "எல்லாரும் நல்லாச் சிரிங்க. அடுத்து கை தட்டுங்க. அப்புறம் சோகமா மூஞ்சிய வைங்க. தனித்தனியா எடுத்து வச்சுக்குவோம்" என்றாள். சிரிக்க அங்கே ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் பல்லை மட்டும் காட்டினார்கள். நான் அடிவயிற்றிலிருந்து சிரித்தேன். கேமரா என் முன்னால் வந்து நின்றுவிட்டது. "சூப்பர் சார், இன்னொரு தடவை!" என்றாள். நாலு தடவை சிரித்துக் கொடுத்தேன். அந்தக் கேமராக்காரன் தன் வாழ்நாளில் இப்படி ஒரு சிரிப்பை எடுத்திருக்க மாட்டான்.

சோணையம்மாள் எனக்கு நேர் எதிர் வரிசை. அவள் பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் நம்பருக்கு இன்னமும் மாசாமாசம் காசு போட்டு விடுறேன் சார். போடலைன்னா அந்த நம்பரை வேற ஆருக்காச்சும் குடுத்துருவாகளாம். தோணும்போதெல்லாம் அடிப்பேன். ஒரு பொம்பளைப் புள்ளை பேசும். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னு சொல்லும். செத்துட்டாருன்னு அந்தப் புள்ளை ஒருநாளும் சொன்னதில்லை சார். வெளியே இருக்காருன்னுதானே சொல்லுது?"

தொகுப்பாளர் தம்பி கையிலிருந்த மைக்கைக் கீழே இறக்கினார்.

செல்லச்சாமி தென்னை மரத்தில் ஏறி என் குழாயைக் கட்டிவிட்டு, உச்சியில் இருந்தே "மாப்ள, கேக்குதா?" என்பான்.

விளக்குச் சூட்டில் என் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே மைக் தொங்கியது, சின்ன விசும்பலையும் இழுத்துக்கொள்கிற ரகம். தொழில்காரனுக்குத் தெரியும். விசும்பல் என்று இருமலைத்தான் சொல்கிறேன்.

திரும்பும்போது வேனில் எல்லாரும் அவரவர் அழுததைப் பற்றியே பேச்சு. "நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு தலைவன் அப்படித்தான் இருக்கணும்" என்றேன். முன் சீட்டில் இருந்த சோணையம்மாள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆகஸ்ட் 24. சனி.

நாளை ராத்திரி ஒளிபரப்பு. தெரு முக்கில் பெரிய டி.வி., அதில் என் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் இணைத்தாயிற்று. என் சிரிப்பு வரும், தவறாமல் வாருங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொன்னேன். சோணையம்மாளுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, மகள் பிரசவத்துக்குச் சிக்கல் ஊருக்குப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 25. ஞாயிறு.

பாவிகள்.

ஆகஸ்ட் 26. திங்கள்.

நேற்று அதோடு நோட்டை மூடிவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

தெருவே உட்கார்ந்திருந்தது. சோணையம்மாள் பேசுகிறாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். "வெளியே இருக்காருன்னுதானே சொல்லுது?" என்று அவள் முடித்த அந்த நொடி... நான்! டி.வி. முழுக்க என் முகம்! உள்நாக்குத் தெரியச் சிரிக்கிறேன்! கூடவே கூட்டம் கெக்கலிக்கிற சத்தம். அதில் என் சத்தமே இல்லை, எவன் சிரித்ததோ, எங்கே பிடித்ததோ! என் பெட்டி வழியாகவே, என் ஆம்ப்ளிஃபயர் வழியாகவே, தெரு முழுக்க.

தெருவில் இருந்தவர்கள் விரித்த பாயைச் சுருட்டினார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள், போய்விட்டார்கள்.

டீக்கடை வேல்ராஜ் மட்டும் நின்றான். "ஏன் மாமா, செல்லச்சாமி அண்ணன் உங்க சிநேகிதந்தானே?" என்றான்.

ஏலே, அது முன்னாடியே எடுத்த சிரிப்புடா! அவ வாயைத் திறக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி! இதைச் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருப்பீக" என்று போய்விட்டான்.

ஆகஸ்ட் 28. புதன்.

சேனலுக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று பாதி நாளைத் தின்றார்கள். கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள்.

"சார், அடுத்தாப்புல ஒரு காமெடி பிட் இருந்துச்சு. டைம் இல்லைன்னு தூக்கிட்டாங்க. உங்க ரியாக்‌ஷன் மட்டும் நின்னுருச்சு."

"நின்னுருச்சா? எம்மா, என் மானம் போயிருச்சும்மா!"

"அப்படிப் பார்க்காதீங்க சார். அந்தம்மா பேசுற பிட்டு யூடியூப்ல நல்லாப் போயிருக்கு. மூணு லட்சம் வியூஸ்."

மூன்று லட்சம் பேர்! இத்தனை வருஷமாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று நான் வாயால் சொன்னதெல்லாம் போக, நிஜமாகவே மூன்று லட்சம் பேர் என்னைப் பார்த்தது இதற்காகவா?

செப்டம்பர் 1. ஞாயிறு.

கீழக்கரைக்குப் போனேன். குத்தூஸ் பாய் தேத்தண்ணீர் கொடுத்தார். "பாய், நான் அழுதேன்னு ஊருக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன்.

"நான் எப்புடிச் சொல்றது முத்தழகு? நான் அந்தக் கோடியில உட்கார்ந்திருந்தேன். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன், நான் பார்க்கலை. வேன்ல நீதானேப்பா சொன்னே, கல்லு மாதிரி இருந்தேன்னு?"

"அது சும்மா சொன்னது பாய்."

"அப்ப இது?"

தேத்தண்ணீரை முழுக்கக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். முக்கால்வாசி குடித்திருந்தேன்.

வீட்டில் ராமலெட்சுமியிடம் கேட்டேன், நீயாவது நம்புகிறாயா என்று. மீன் அலசிக்கொண்டிருந்தாள். "நம்பணும்னுதான் பார்க்குறேன். என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்ப எட்டுப் படகு இருக்குன்னீக. இருந்தது எட்டுக் குழாய். இத்தனை வருஷத்துல எதை எடுத்துக்கிறது, எதைத் தள்ளுறதுன்னு எனக்கே பழகலையே" என்றாள்.

எட்டு என்றது உண்மைதானே?

செப்டம்பர் 5. வியாழன்.

என் சிரிப்பை வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகப் போட்டுவிட்டார்கள். மேலத்தெருவில் ஒரு பெரியவர் தவறிய செய்திக்கு, எவனோ கும்பிடு போடப் போய்க் கை தவறி என் முகத்தைப் போட்டுவிட்டான். அதற்கும் என் வீட்டுக்கு வந்து சண்டை. செத்தவருக்கு மாலை வாங்கிக்கொண்டு போன என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். மாலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

செப்டம்பர் 7. சனி.

பிள்ளையார் சதுர்த்திக்கு உச்சிப்புளியிலிருந்து வேறு சவுண்ட் செட் வந்திருக்கிறது. இருபது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளையாருக்கு என் குழாய்தான். அவன் கட்டிய குழாய் கிரீச் என்கிறது. ஒருத்தருக்கும் காது இல்லை.

சோணையம்மாள் சிக்கலிலிருந்து வந்துவிட்டாளாம். ஊர் அவளிடம் எல்லாவற்றையும் காட்டியிருக்கும்.

செப்டம்பர் 8. ஞாயிறு.

கடற்கரை வழி வேண்டாம் என்று மேலத்தெருவைச் சுற்றிப் போனேன்.

செப்டம்பர் 12. வியாழன்.

இன்றும் சுற்றித்தான். சேனல்காரனோடு சண்டை போடுவேன், ஊரோடு போடுவேன். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? "தங்கச்சி, நான் சிரிக்கலை" என்றா? அவள் புருஷனைப் பற்றிப் பேசியபோது நான் சிரிக்கவில்லை என்று நானே போய்ச் சொல்ல வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டானே, எங்கேயோ ஏசியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவன்! அவன் கையில் —

வேண்டாம்.

செப்டம்பர் 19. வியாழன்.

போனேன்.

வெயிலில் யாரும் இல்லை. பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தாமலே, "மேலத்தெருவுல குழி வெட்டிப் போட்டுருக்காகளா அண்ணே? இந்தப் பக்கமா வாரீக?" என்றாள்.

வரும்போது என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். மைக் எந்த ரகம், கேமரா எத்தனை, எல்லாம். வாயில் வந்தது ஒன்றுதான்.

"தங்கச்சி, நான் சிரிக்கலை."

"அது எனக்குத் தெரியாதா? எதிர்த்தாப்புல எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி உங்க மூஞ்சி ஒண்ணுதான். அதைப் பார்த்துத்தான் பேசுனேன். துண்டைக் கடிச்சுக்கிட்டுக் குலுங்குனீகளே. அதைப் பார்க்கலைன்னா பாதியிலயே நிறுத்தியிருப்பேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "பார்த்தேங்கிறே, ஊருக்குள்ள சொல்றதுக்கு என்ன? என் பிழைப்பே போச்சே!"

"வேன்ல கல்லு மாதிரி இருந்தேன்னு அளந்தீக. அப்பவே சொல்லியிருப்பேன். இத்தனை பேர் முன்னாடி உங்க மானத்தை ஏன் வாங்கணும்னு விட்டேன். இப்ப நீங்களா வருவீகன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், நீங்க ஊரைச் சுத்துறீக. வராத ஆளுக்கு நானாப் பரிஞ்சு பேசுனா, பாவம் பார்த்துப் பேசுறேன்னுதானே சொல்லுவாக?"

கொஞ்ச நேரம் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன்.

பிறகு சொன்னேன். "சிரிக்கலைன்னு சொல்லு தங்கச்சி. அது போதும். அழுதேன்னு வேண்டாம். கண்ணு கலங்குச்சுன்னு சொல்லு."

"துண்டு?"

"துண்டை விட்டுரு."

"துண்டு இல்லாட்டி எவன் நம்புவான்?"

சிரித்துவிட்டாள். செல்லச்சாமி போன பிறகு இந்தக் கடற்கரையில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சரி, துண்டையும் சொல்லிக்கொள் என்றேன்.

செப்டம்பர் 22. ஞாயிறு.

பொட்டலம் வாங்க வருகிற ஒருத்தரையும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேல்ராஜ் டீயைத் தானே கொண்டுவந்து வைத்தான். "துண்டை மென்னுட்டீகளாமே மாமா?" என்றான். ஸ்டிக்கர் இன்னும் ஓடுகிறது.

ராமலெட்சுமி என் துண்டை மட்டும் தனியாகத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 10, 2025. ஞாயிறு. சென்னை.

படப்பிடிப்பு முடிந்து வெளியே வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வருஷம் வரவே மாட்டேன் என்று பிப்ரவரியிலேயே மன்றத்தில் சொல்லிவிட்டேன். சோணையம்மாள்தான், "நான் போறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க" என்றாள்.

அதே வயர் பெண். "எல்லாரும் ஒரு தடவை நல்லாச் சிரிங்க." என்னை அடையாளம் தெரிந்து, கேமராவை நேரே என்னிடம் கூட்டிவந்தாள். "சார், போன வருஷம் மாதிரி!"

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"சார், துண்டை எடுங்க."

"சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லும்மா. கேட்டுட்டுச் சிரிக்கிறேன்" என்றேன் துண்டுக்குள்ளிருந்தே.

முன் வரிசையில் குத்தூஸ் பாய் சிரித்தார். சிரிப்பு பரவாயில்லை. என் சிரிப்பு அளவுக்கு இல்லை.

அதைப் பார்த்து அரங்கமே முகத்தை மூடிக்கொண்டது. இந்த வரியை அடித்துவிடுகிறேன். மூடியது ஒருத்திதான். என் பக்கத்தில் சோணையம்மாள், முந்தானையால்.

கேமரா எங்களை விட்டு நகர்ந்தது. அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாளோ என்று பயந்து, துண்டை விலக்கி, முந்தானை ஓரமாகப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.