இடது மட்கார்டு

அப்பா,

பக்கத்து வீட்டில் நேற்று ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாசனை மதில் தாண்டி, நான் படித்துக்கொண்டிருந்த மேஜை வரை வந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகு அறைக்குள் இன்னும் அதிகமானது போலிருந்தது. ஊரெல்லாம் யாராவது எதற்காவது பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனை நம் அம்பாசிடரின் இடது மட்கார்டு.

முதல் இடி நம் வீட்டு கேட் தூணில். இருபது வருஷமாக நீங்கள் வண்டியை நுழைத்த கேட். இறங்கிப் பார்த்துவிட்டு, "தூண் கொஞ்சம் தள்ளி வந்திருக்கு போல" என்றீர்கள். நானும் சிரித்தேன். சக்கரத்துக்கு மேலே தகரம் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு உள்ளே போயிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லணுமா?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

அம்மாவுக்குத் தெரிந்தால் மயிலாப்பூர் மாமாவுக்குத் தெரியும். எல்லோரும் சின்னச் சின்னப் புது வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. "இந்தக் கிழட்டு வண்டியை வித்துத் தொலைங்க மாப்பிள்ளை, ஆட்டோ இல்லாத ஊரா இது" என்று மாமா வருகிற போதெல்லாம் சொல்வார். தெருமுனை டிங்கரிங் பட்டறையில் விடலாம் என்றால், அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியே அதுதான். ஆகவே நாமே வீட்டில் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஒரு மணி வரை பள்ளிக்கூடம் உண்டு. உங்களுக்கும் எனக்கும் விடுமுறை.

எப்படிச் செய்வதென்று நம் இருவருக்குமே தெரியாது. நான் போய்ப் பட்டறைக்காரரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டு வந்தேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். நீங்கள் உள்ளே படுத்துச் சுத்தியலால் தட்ட, நான் வெளியே அம்மிக் குழவியைப் பழைய துண்டில் சுற்றித் தகரத்தோடு அணைத்துப் பிடித்தேன். "நடுவுல தட்டாதீங்கப்பா, ஓரத்துலேர்ந்து வாங்க" என்று நான் அதட்ட, "சரிங்க மேஸ்திரி" என்று வண்டிக்கு அடியிலிருந்து உங்கள் குரல் வரும். பள்ளம் நிரம்பப் பட்டி தடவி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, கொசு மருந்து அடிக்கிற தகரப் பம்பில் பெயிண்டை ஊற்றி அடித்தோம். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நடுவில் வண்டிக்கு உறை போட்டு மூடி வைத்தோம். அம்மா மூக்கைச் சுளித்தபோது, "அடுத்த வீட்டுல ஏதோ வேலை நடக்குது" என்றீர்கள். அம்மா நம்பினாள். நம் வீட்டில் நீங்கள் எனக்குச் சிநேகிதராக இருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

நீங்கள் தேய்த்த இடத்தில் வலப்புறம் கண்ணாடி மாதிரி இருக்கும். இடப்புறம் சொரசொரவென்று கிடக்கும். "பாதியிலேயே எழுந்துட்டீங்களே, சோம்பேறி" என்று கேலி செய்தபடி மிச்சத்தை நான் தேய்ப்பேன்.

இரண்டாவது இடியின்போது நானும் வண்டியில் இருந்தேன். பட்டினப்பாக்கத்தில், சாலையோரம் மீன் விற்கிற ஒரு பெண்ணின் கூடைக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி அங்கிருந்த கல்லில் மோதி நின்றது. "இன்னா சார், ரோடு இம்மாம் பெருசா கீது, என் கூடைமேலதான் வரணுமா? பகல்லயே கண்ணு தெரியலையா?" என்று அவர் சத்தம் போட்டார். நான் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தீர்கள். "அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையேம்மா" என்றீர்கள். சமாளிக்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை குழவியை எடுத்தேன்.

மூன்றாவது முறை, வண்டி ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்த பிறகு, பட்டி வாங்கப் போன என்னைப் பட்டறைக்காரர் சும்மா விடவில்லை.

"இன்னாமா, வண்டிய மட்டும் கண்ல காட்டவே மாட்டேன்ற. மறுபடியும் அதே எடமா?"

"அதே இடம்தான். முன்னாடி, இடது பக்கம்."

"மூணு தபாவும் அங்கியேன்னா தகரத்தப் பாக்காதமா. ஓட்றவர டாக்டராண்ட இட்டுக்கினு போ."

"எங்கப்பா இருபது வருஷமா ஓட்டறார்" என்றேன், கோபமாக.

"அதான் சொல்றேன்" என்றார் அவர். குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் ஓட்டுதலை ஒருவர் குறை சொன்னதாக மட்டுமே எனக்குப் பட்டது. அதை உங்களிடம் சொல்லவில்லை. பட்டி டப்பாவோடு வீடு வந்தேன். அந்த முறைதான் வேலை மிகச் சுத்தமாக அமைந்தது.

ஐந்து மாதம் கழித்து நீங்கள் குளியலறையில் விழுந்தீர்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டாக்டர் கேட்டார்: "இடது பக்கம் எதுலயாவது இடிச்சுக்கிட்டாரா? வண்டி ஓட்டும்போது எங்கயாவது மோதினாரா? மூளையில கட்டி இந்த இடத்துல இருந்தா, கண்ணு நல்லா இருந்தாலும் இடது பக்கம் இருக்கறது மனசுல பதியாது."

"சேச்சே," என்றாள் அம்மா. "இத்தனை வருஷத்துல அவர் வண்டியில ஒரு கீறல் கிடையாது டாக்டர்."

அவள் அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? நான் ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "கொஞ்சம் முன்னாடியே ஏதாவது தெரிஞ்சிருந்தா" என்று தொடங்கிய டாக்டர், உறைக்காக என்னிடம் கை நீட்டினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் கண் திறக்கவேயில்லை.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று அம்மா சொன்னாள். வருஷங்கள் போன பிறகும், உறை போட்டு நிற்கும் வண்டியைப் பார்த்து யாராவது விசாரித்தால் சொல்வாள். அப்போதெல்லாம் நான் காபி போட எழுந்துவிடுவேன்.

நேற்று அந்த வாசனைக்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. சாயங்காலம் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தூண், கல், கம்பம், டாக்டர் கேட்டபோது நான் நின்றது, எல்லாம். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே போய் வண்டியின் உறையை விலக்கினாள். மட்கார்டு நெடுகத் தடவினாள்.

"எங்கடி?"

கைக்கு ஒன்றும் அகப்படாது. தட்டிப் பார்க்கச் சொன்னேன். வலது மட்கார்டில் தட்டினாள், தகரம் கணீரென்றது. சுற்றி வந்து இடது பக்கம் தட்டினாள். சுவரைத் தட்டுவது போல் மந்தமாகக் கேட்டது. அவ்வளவு பட்டி வைத்திருக்கிறோம். விரலை மடக்கி, அந்த மந்தச் சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போனாள்.

"மூணு தடவையா?"

"மூணு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். உறையை இழுத்து மூடினாள், கயிற்றைக் கட்டினாள், உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள்.

இனி யார் வந்தாலும் ஒரு கீறல் கிடையாது என்று அவள் சொல்ல மாட்டாள். உங்களைப் பற்றி அவளிடம் மிஞ்சியிருந்த பெருமை அது. உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாதங்களில் அவளிடம் அந்த இடிகளை மறைத்தேன். எதற்கும் உதவாத ஒரு சாயங்காலத்தில் சொன்னேன்.