சாந்திக்கு எடுத்துவைத்த சுவரொட்டி

அக்கா,

காலையில் உங்கள் மகன் கடையிலிருந்து பொட்டலம் வந்தது. தேக்கு இலையைப் பிரித்தேன், ஆட்டுச் சுவரொட்டி. நான் சொல்லி அனுப்பவில்லை. சாந்தி போன நாள் இது என்று அவனாகவே நினைவில் வைத்திருக்கிறான். மிளகு தட்டிப் போட்டுப் பிரட்டும்போது அந்த வாசம் எழுந்தது பாருங்கள், கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நீங்களும் போய்ச் சேர்ந்தபிறகு நான் போடுகிற முதல் படையல் இது.

கெலமங்கலத்தில் உங்கள் கறிக்கடைக்கு நான் முதலில் வந்தது இடுப்பில் சாந்தியோடு. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். உதடெல்லாம் வெளுத்து, வயிறு மட்டும் உப்பியிருக்கும். ரத்தமில்லாத பிள்ளை என்று ஊரே சொன்னது. ஒருத்தி முருங்கைக்கீரை கொடுத்தாள், ஒருத்தி பேரீச்சம்பழம் கொடுத்தாள். நீங்கள் ரத்தம் ஊறட்டும் என்று சுவரொட்டியை எடுத்துக் கொடுத்தீர்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், அதற்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள். அதை மற்றவர் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைப்பீர்கள். "என்னா பாய், உங்க கடை ஆடெல்லாம் சுவரொட்டி இல்லாமயே பொறக்குதா?" என்று ஒருவர் உங்கள் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தது ஞாபகம் இருக்கிறது. யாரிடமும் சும்மா கை நீட்டி வாங்காதவள் நான். உங்களிடம் மட்டும் வாங்கினேன்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு பெங்களூருக்கு அனுப்பினார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக நம் ஆட்கள் யாராவது கொடுக்கவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட், அவரும் எத்தனை தடவை கொடுப்பார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினால் காட்டு வேலை, மாடு கன்று போடுகிறது, ஏதோ ஒன்று வந்துவிடும். ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று பயம். நீங்கள் சிரித்தீர்கள். "தெனம் ரத்தத்தைக் கழுவி ஊத்துற கை இது. எனக்கென்ன பயம், வா தங்கச்சி, போலாம்" என்று பஸ் ஏறினீர்கள். அங்கே நர்சம்மா, குழந்தைக்கு நீங்கள் என்ன ஆகவேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாள். என்னையும் உங்கள் முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் யோசிக்கவே இல்லை. "தொட்டம்மா" என்றீர்கள். பெரியம்மா. அன்று முதல் சாந்திக்கு நீங்கள் பெரியம்மாதான்.

சில வருடம் கழித்துத்தான் ரத்த வியாதிக்கென்றே படித்த டாக்டரம்மா அங்கே வந்தார். தலசீமியா என்ற பேரையே அவர் வாயில்தான் கேட்டேன். வீட்டில் என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்றார். நான் பெருமையாகச் சுவரொட்டி, ஆட்டு மண்ணீரல் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏற்றுகிற ரத்தத்திலேயே இரும்பு இருக்கிறதாம், உடம்பால் அதை வெளியே தள்ள முடியாதாம். ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிகிறதாம். இதில் சுவரொட்டியும் கீரையும் வேறு வேண்டாம், சாப்பிட்டதும் பாலில்லாத டீ கொஞ்சம் கொடுங்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்பு அவ்வளவாக ஒட்டாது என்றார். படிந்ததை எடுக்க ஓர் ஊசி இருக்கிறது என்றும் சொன்னார். அது நம்மைப்போன்றவர்கள் கைக்கு எட்டவில்லை.

உங்களிடம் வந்து சொன்னேன். கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தீர்கள். பிறகு, "அப்போ இத்தினி நாளு அந்தப் புள்ளைக்கு நான் வெசத்தையா குடுத்தேன்?" என்றீர்கள். தெரிந்தா கொடுத்தீர்கள் என்றேன். காதில் வாங்கவில்லை.

மறுநாள் மதியம் உங்கள் வீட்டிலிருந்து தூக்குப் போசியில் பாலில்லாத டீ வந்தது. அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. சாந்திக்கோ சுவரொட்டி ருசி நாக்கிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை வாசலில் நின்று, "பெரீம்மா, ஒரே ஒரு துண்டு" என்பாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டாக்டரம்மா சரின்னு சொல்லட்டும், முழுசா உனக்குத்தான்" என்பீர்கள். அவள் போனபிறகு முந்தானையால் கண்ணைத் துடைப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அவளோடு படித்த பெண்களெல்லாம் தாவணி போட்டார்கள். இவள் வயசுக்கே வரவில்லை, பாவாடை சட்டையிலேயே இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். பெங்களூரிலிருந்து அவளைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தோம்.

காரியத்தன்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தோம். இட்லி, முறுக்கு, மாங்காய்த் துண்டு. ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. நீங்கள் மூடிய கிண்ணத்தோடு வந்தீர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை, குனிந்து இலையில் வைத்தீர்கள். வறுத்த சுவரொட்டி, முழுசாக.

"இனிமே டாக்டரம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சாப்பிடட்டும் புள்ள."

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை அக்கா. அப்போதுதான் வந்தது.

அந்த ரத்தக் குறை அப்பா அம்மா இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு வருமாம். டாக்டரம்மா சொன்னது மனதில் நின்றுவிட்டது. என் மகன் வழிப் பேத்திக்குச் சம்பந்தம் பேச வந்தபோது, முதலில் இரண்டு பேர் ரத்தத்தையும் பாருங்கள், பிறகு ஜாதகத்தைப் பாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஐந்தாவது மட்டும் படித்த என் சொல்லை அந்தச் சபை கேட்டது.

உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைக்கும் வழக்கம் இல்லை, தெரியும். இருந்தாலும் இன்று இலைக்குப் பக்கத்தில் பாலில்லாத டீ ஒரு டம்ளர் வைத்தேன். "அத்தைதான் இப்ப எதுவேணா சாப்பிடலாமே பாட்டி, இது எதுக்கு?" என்றாள் பேத்தி.

அத்தைக்கு இல்லை, அவள் பெரியம்மாவுக்கு என்றேன்.