சீதன உறுதியில் மூன்று பேர்

என் மகள் றெபேக்காவுக்கு,

நீ வீட்டை விட்டுப் போய் இருபத்திரண்டு நாட்கள். போனை எடுக்கிறாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விரும்பும் றொய்சனின் அம்மா கலியாணம் பேச மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, எல்லோருக்கும் பீங்கான் கோப்பையிலும் அவருக்கு மட்டும் கடதாசிக் கப்பிலும் தேநீர் கொடுத்தேன். கோப்பை காணாது என்று உன்னிடம் சொன்னேன். பொய், மகள்.

அவர் அதைத் தொடவில்லை. "உங்கட ஆக்களின்ரை புகையிலைத் தோட்டத்திலைதான் எங்கட ஆக்கள் அடிமையாய் இருந்தவை. தெரியுமோ அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அதுவும் பொய். என் சீதனக் காணியோடு ஒல்லாந்தர் காலத்து உறுதிப் பத்திரம் ஒன்றும் வந்தது. அதில் கிணறு, பனைகள், மாடுகளுக்குப் பிறகு ஓர் அடிமைப் பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பெயரோடு இருக்கிறார்கள். என் கலியாணத்துக்கு முதல்நாள் வாசித்துவிட்டு, பெட்டிக்கு அடியில் வைத்தேன். அந்தக் காணியைத்தான் உனக்கு எழுதவிருந்தேன்.

நேற்று அந்த உறுதியை எடுத்துக்கொண்டு அஜக்சுக்குப் போய் அவர்களுடைய கதவைத் தட்டினேன். றொய்சனின் அம்மா வாசலில் நின்றே வாசித்தார். அந்த மூன்று பெயர்களையும் வாய்விட்டு வாசித்தார். நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"இண்டைக்கு உங்களை உள்ளுக்குக் கூப்பிட என்னாலை ஏலாது, அக்கா" என்றார். உறுதியைத் தன்னோடு வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அவரில் பிழையில்லை.

பனிக்குள் கனநேரம் நின்றேன். மேல்மாடியில் திரைச்சீலை அசைந்தது.

அது நீதானே, மகள்? ஓம் என்று மட்டும் சொல்லு.

அம்மா