ஆறு முழுவதும் நம் பக்கம்

அன்புள்ள கொலெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடிவிட்டது, உன் அப்பாவின் முழங்கால் வலியும் அதோடு பாதி போய்விட்டது, நானும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாகவே இருக்கிறேன். அங்கே நார்வேயில் உனக்கும் எஸ்பெனுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே, இருட்டுக் காலம் முடிந்து வெயில் வந்துவிட்டதா? ஜூனில் என் கல்யாணத்துக்கு வருவாயா மாட்டாயா, ஒரே வார்த்தையில் சொல் என்று நீ எழுதிய கடிதம் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது, காபி போடும்போதெல்லாம் அது என் முகத்தைப் பார்க்கிறது. அப்பாவின் முழங்கால், விமானப் பயம், கோழிகளை யார் பார்ப்பது என்று நான் சொன்ன சாக்குகள் எதையும் நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். நீ என் மகள், எப்படி நம்புவாய்?

விஷயம் என் தலைமுடிதான். இலையுதிர் காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்து போனதே, அதற்குப் பிறகு கொட்ட ஆரம்பித்தது, காய்ச்சல் நின்றும் கொட்டுவது நிற்கவில்லை. உச்சி வகிடு அகலமாகிக்கொண்டே போய், கிறிஸ்துமஸ் நேரத்தில் கண்ணாடியில் என் தாத்தாவின் தலை தெரிந்தது. நீ பின்னித் தந்த சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியை அன்றைக்குப் போட்டவள்தான், தூங்கும்போதும் கழற்றவில்லை. குளிர், குளிர் என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அவரும் அடுப்பில் இன்னொரு கட்டை போட்டாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரே மாதிரிக் கனவு வந்துகொண்டிருந்தது. உறைந்த ஆற்றின் மேல் நடந்துபோகிறேன், என் பழைய கூந்தல் பின்னால் நீளமாக இழுபட்டு வருகிறது, அது போகும் தடத்தில் எல்லாம் பனி நீலமாக மாறுகிறது, கரையில் யாரோ பியானோ வாசிக்கிறார்கள். விழித்ததும் தொப்பிக்குள் கொத்து முடி. உன் கல்யாணப் படத்தில் அந்தத் தொப்பியோடு நிற்கவும் மனம் இல்லை, அது இல்லாமல் நிற்கவும் தைரியம் இல்லை, அதனால்தான் பதில் எழுதவில்லை.

பெவ் இருக்கிறாளே, முடி வெட்டும் கடைக்காரி, அவள் கண்ணுக்கு மட்டும் தப்ப முடியவில்லை. ஒருநாள் என் கோட்டுப் பைக்குள் ஒரு சின்னக் குப்பியைத் திணித்தாள், உள்ளே நீலமாக ஏதோ, செம்பு கலந்த பெப்டைட் என்றாள், தலையில் தேய்த்தால் முடி வளருமாம், இணையத்தில் வாங்கினாளாம். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் கனவில் வந்த அதே நீலம், கொலெட். இரண்டு தடவை மூடியைத் திறந்தேன், இரண்டு தடவையும் மூடிவிட்டேன். மனிதருக்கு அல்ல என்று எழுதியதைத் தலையில் தேய்க்க, நான் மனுஷி இல்லையா என்ன? வேண்டுமானால் டாக்டர் எழுதித் தரட்டும் என்று நினைத்தேன். தோல் டாக்டரிடம் நேரில் போவதென்றால் கோடை முடிந்துதான் நேரம் தருவார்களாம். கடைசியில் கைபேசியில் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் பதிவு செய்தேன், ஹலோரன் என்று பெயர். அவர் முதலில் இரத்தப் பரிசோதனைக்குச் சொன்னார், இரும்புச்சத்து, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் முகம் பார்த்துப் பேச நேரம் கொடுத்தார்.

நம் வீட்டில் மலை மறைத்துச் சிக்னல் வராதது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசப் பாலம் தாண்டிப் போகிறோமே, அடுத்த மாநிலம் வெர்மான்ட் பக்கம் அந்த மேட்டுச் சர்ச், கை பழக்கத்தில் வண்டியை அங்கேதான் விட்டேன். அப்பா தன் டிரக்கில் தீவனம் வாங்கப் போயிருந்தார், எனக்கும் தனிமை கிடைத்தது. டாக்டரம்மா திரையில் வந்தார், பெயர் கேட்டார், பிறந்த தேதி கேட்டார், அடுத்து, “நீங்க இப்ப எந்த ஊர்ல உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார். பெவ் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள், வீட்டு விலாசத்தைச் சொல்லிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று. ஆனால் எனக்கு எதிரே ஆற்றின் மேல் மூடுபனி எழும்பி, நம் கரை மிதப்பது போல இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே வெர்மான்டில் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நம் நியூ ஹாம்ப்ஷயரில் வைத்தியம் பார்க்கத்தான் அவருக்கு உரிமம், நோயாளி அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாரோ அதுதான் கணக்காம், வீடு எங்கே என்பது கணக்கில்லையாம். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன், உங்கள் பக்கம் வந்து கூப்பிடுங்கள் என்றார். நம் பக்கம் போனால் சிக்னல் இல்லை, இந்தப் பக்கம் நின்றால் டாக்டர் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன்.

அழுகையின் நடுவில்தான் உன் அப்பாவின் பழைய பெருமை ஞாபகம் வந்தது. எதிர்க்கரைக்காரர்களைக் கண்டால் சீண்டுவாரே, ஆறு முழுக்க எங்களுடையது, உங்களுக்குக் கால் நனைக்கத்தான் பாத்தியதை என்று. அது வெட்டிப் பேச்சில்லை, எல்லைப் பலகை பாலத்தின் வெர்மான்ட் கோடியில்தான் இருக்கிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். பலகையைத் தாண்டி நடுப் பாலத்துக்கு வந்தால் சிக்னல் இருக்கிறது, அதே நேரம் நான் நம் மாநிலத்திலும் இருக்கிறேன். மறுபடி கூப்பிட்டு, பின்னால் இருந்த பலகையையும் என் காலையும் காட்டினேன், டாக்டரம்மா சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். “சரி, தொப்பியைக் கழட்டுங்க, தலையைப் பாக்கணும்,” என்றார். கழற்றினேன் கண்ணே. இத்தனை மாதத்தில் என் தலைமேல் காற்றுப் பட்டது அன்றைக்குத்தான், கீழே ஆறு ஓடுகிறது, மூடுபனிக்குள் பாலமே நகர்கிறாற்போல இருக்கிறது, குனிந்து ஒரு முகம் தெரியாத பெண்ணுக்கு என் உச்சந்தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அப்போது பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. பார்த்தால் நம் டிரக், தீவன மூட்டையோடு உன் அப்பா.

அவர் இறங்கினார், விளக்கைச் சிமிட்டவிட்டார், என் பக்கம் வராமல் முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து நின்றார். பின்னால் வந்த பால் வண்டியைக் கையைத் தூக்கி நிறுத்திவைத்தார். டாக்டரம்மா வகிட்டைப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், அவசரப்படவே இல்லை. அதே செம்பு பெப்டைடைத் தலையில் தடவ முறையாக எழுதித் தருவதாகச் சொன்னார். “முடி வந்தே தீரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. நாலஞ்சு மாசம் பொறுங்க,” என்றார். கடையில் பெட்டியாக வருகிற, அரசு பரிசோதித்து ஒப்புக்கொண்ட மருந்து இல்லை இது, உங்களுக்கென்று மருந்தாளுநர் கலந்து தருவது என்றும் ஒளிக்காமல் சொன்னார். பெவ் கொடுத்த குப்பியைத் தொடவே கூடாது, மருந்துக்கடையில் பழைய மருந்து போடும் பெட்டியில் போடச் சொன்னார். பேசி முடித்ததும் தொப்பியைத் தேடினேன், அதற்குள் அப்பா பக்கத்தில் வந்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். “அடி போடி, இத்தனை மாசமா குளிக்கற ரூம் வடிகாலை அள்ளறது யாருன்னு நினைச்ச?” என்றார். சொல்லியிருக்கலாமே என்றேன். நீ குளிர் என்று சொன்னாய், நான் கட்டை போட்டேன் என்றார். அதற்குப் பிறகு ஆறு நம்முடையது என்று அந்தப் பால் வண்டிக்காரனுக்கு ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். எனக்கு அன்றைக்கு அவரை எவ்வளவு பிடித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மருந்து தபாலில் குளிர்ப் பையோடு வந்தது. அதற்கு முன்பே மருந்தாளுநர் வீட்டு போனில் கூப்பிட்டு, வேறு மருந்து சாப்பிடுகிறேனா, தோல் அரிக்குமா என்று விசாரித்தார். சீசாவில் என் பெயர், டாக்டரம்மாவின் பெயர், கலந்த தேதி எல்லாம் இருக்கிறது, அதைப் படிக்கும்போதே பாதி வியாதி போனதுபோல ஒரு நிம்மதி. அதே நீலம்தான், செம்பின் நிறமாம் அது. மேப்பிள் பாகுக்குப் பக்கத்தில் வைக்காதே, அப்பத்தில் ஊற்றிக்கொண்டு என் வயிற்றில் முடி முளைக்கப் போகிறது என்கிறார் அப்பா. படுக்கப் போகும்போது அவரே வகிட்டில் சொட்டு விட்டுத் தடவுகிறார், பனி அள்ளும் வண்டி ஓட்டிய கைக்கு அவ்வளவு மெதுவாகத் தடவத் தெரியும் என்று எனக்கே தெரியாது. நேற்றுக் கனவில் ஆறு உருகி ஓடியது, நான் பாலத்தில் நின்றேன், தலையில் என்ன இருந்தது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

நீ கேட்ட ஒரே வார்த்தை இதோ, வருகிறேன். முடி வந்தாலும் வருகிறேன், வராவிட்டாலும் வருகிறேன். நீயும் எஸ்பெனும் மனம் ஒத்து, வீடு நிறைந்து, நீண்ட காலம் வாழ வேண்டும். உன் தோழிகளுக்கு என் மருந்தில் பங்கு கேட்காதே, அது என் தலைக்கு எழுதியது. வருகிற ஞாயிறு நடுப் பாலத்திலிருந்து கூப்பிடுகிறேன், தொப்பி இருக்காது. அப்பா அன்றைக்கு மரியாதைக்கு முதுகைக் காட்டி நின்றார். நீ மட்டும் முகத்தைத் திருப்பிவிடாதே.

என்றும் உன்
அம்மா ஆர்லீன்