கொண்டையில் ஏழு பல்

பாய்,

இன்று காலை நாஷ்டாவுக்கு முன்னால் குஞ்சுகளுக்குக் கேழ்வரகு தூவிவிட்டு, நீங்கள் செய்வது மாதிரியே ஒவ்வொன்றாகப் பிடித்துத் தலையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். முதல் ஐந்தும் சரி. கொட்டைப்பாக்கைப் பாதியாக வெட்டி ஒட்டினாற்போல் மொழுக்கென்று கொண்டை. ஆறாவது குஞ்சின் தலையில் விரல் தடுக்கியது. ரம்பத்தைத் தொட்ட மாதிரி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக, மெல்லிசாக, நிமிர்ந்து நின்றுகொண்டு ஏழு பல். சட்டென்று குஞ்சைக் கீழே விட்டுவிட்டேன். கவரைப்பேட்டையில் என்னைக் கண்டு நடுங்காத ஆள் கிடையாது என்று உங்களிடம் எத்தனை தபா சொல்லியிருப்பேன்! அந்த நான், இரண்டு மாதக் குஞ்சைக் கண்டு நடுங்கினேன்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆறாம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை என்று உங்களிடம் சொல்வேன், நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பீர்கள். அந்தப் படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பது ஒரு விதத்தில் தைரியம்.

பழவேற்காட்டில் உங்கள் கருவாட்டு மண்டிக்குப் பின்னால் அவை உலாத்தியதை முதல் தடவை பார்த்தபோது, கோழி என்றே நான் நம்பவில்லை. ஜமீன்தார்கள் நாலு பேர் மண்ணைக் கிளறுகிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் வாப்பா காலத்து அசில் வம்சம். கிளி மூக்கு, முத்து மாதிரி வெளுத்த கண், கொட்டைப்பாக்குக் கொண்டை, தாடி தொங்கக் கூடாது, நின்றால் கழுத்தும் காலும் ஒரே கோட்டில் வர வேண்டும். சண்டைக்கு விடமாட்டீர்கள். லட்சணம், லட்சணம், அது ஒன்றுதான். நகம் கோணலாக வந்தது என்று ஓர் அருமையான சேவலைக் கறிக்கு அனுப்பினீர்கள். நகம்தானே பாய் என்றேன்.

"நகந்தானேன்னு உட்டா நாளைக்கு மூக்கு, அப்பால கொண்ட. கடைசில இன்னா கீது நைனா, ஊருக்கோழிதான்" என்றீர்கள். அதே சூட்டில் இன்னொன்றும் சொன்னீர்கள். "ஊருச்சேவ மிதிச்ச பொட்டைய கொழம்புல போட்டுரணும். ஒரு தபா கலந்துச்சுன்னா போச்சு. நல்லா கீறாப்புலயே இருக்கும், எப்பனா ஒரு நாளு எட்டிப் பாக்கும்."

எப்பனா ஒரு நாளு. அந்த நாள் இன்று காலைதான் பாய்.

வெள்ளைக் கழிச்சல் உங்கள் ஊரில் இறங்கிய வருஷம் நினைவிருக்கும். காலையில் தீனி தின்ற கோழி மாலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி என்று நீங்கள் எதையெதையோ அரைத்து ஊற்றியும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சியது ஒரு சேவல், ஒரு பெட்டை. அந்த ஜோடியை மூங்கில் கூடையில் வைத்துக் கால்வாய்ப் படகிலும் ரயிலிலும் தூக்கிக்கொண்டு நீங்கள் என் வாசலில் வந்து நின்றபோது, உங்கள் கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. வாரத்துக்கு விடுகிறேன், குஞ்சில் பாதி உனக்கு, ஆனால் வம்சத்தைக் காப்பாற்றிக் கொடு என்றீர்கள். என் வீட்டுப் பக்கம் சீக்கு வராது, என் பேரைக் கேட்டாலே கும்மிடிப்பூண்டி வழியாகத் திரும்பிப் போய்விடும் என்றேன் நான். அன்று நீங்கள் சிரிக்கவில்லை. கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சூளையில் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டுக் கோழிக்குக் காவல் இருந்தேன். காகம் கரைந்தால் பயம், கூடைக்குள் தும்மல் கேட்டால் பயம். சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் கண்விழித்துக் காத்திருக்கவில்லை. ஆனால் இந்த வாய் இருக்கிறதே. அப்படி ஒரு பெட்டை வீட்டில் இருக்கும்போது ஊருக்குக் காட்டாமல் என்னால் இருக்க முடியுமா? பத்தாம் நாள் மத்தியானம் ரயில்வே கேட்டுக்காரரையும் டீக்கடையில் இருந்த நாலு பேரையும் கூட்டி வந்து கூடையைத் தூக்கிக் காட்டினேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"இன்னாய்யா, அது கோழியா, தேரா? ஊரக் கூட்டிக் காட்டிகினு கீற?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சென்னைப் பக்கம் போகிற வண்டி ஊதியது. பெட்டை மிரண்டு என் தலைக்கு மேலே பறந்தது. வேலி தாண்டி, கேட்டுக்காரர் வீட்டுக் குப்பைமேட்டில் போய் இறங்கியது. அங்கே அவருடைய ஊருச்சேவல், தலையில் ரம்பம் மாதிரி கொண்டை, தாடி இரண்டும் தொங்கிக்கொண்டு, ஏதோ எதிர்பார்த்து நிற்பவன் மாதிரி நின்றது. நான் வேலியில் வேட்டி மாட்டிக் கிழிய ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் மிதித்துவிட்டு இறங்கி இறக்கையை உதறியது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான்.

கேட்டுக்காரர் சிரித்தார். பெட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து கூடைக்குள் வைத்தேன். கறிக்கு அனுப்பிவிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதானே முறை? நாளைக்குச் செய்வோம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் சேவலுக்குக் கழிச்சல் வந்தது. அதன் முடிவை உங்களுக்கு நான் எழுதிய கடுதாசியில், கடைசி மூச்சு வரை நின்றபடியே கூவிச் செத்தது, ராஜா மாதிரி என்று எழுதினேன். பொய் பாய். மூலையில் கழுத்து திருகிக் கிடந்தது. கண் திறந்தே இருந்தது.

அதற்கப்புறம் பெட்டை ஒன்பது முட்டை இட்டது. உங்கள் சேவல் போய்விட்டது. உங்கள் ஊரில் இறகு ஒன்று மிச்சமில்லை. அந்த ஒன்பதுக்குள்தான் உங்கள் வாப்பா வம்சம் மொத்தமும் இருந்தது. அதிலே எது ராஜாவுடையது, எது குப்பைமேட்டுக்காரனுடையது? மத்தியான வெயிலில் அறைக்கதவைச் சாத்தி, சந்தில் வருகிற வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் கரு தெரிந்தது, காற்றறை தெரிந்தது, அப்பன் தெரியவில்லை. ஒரு முட்டையைச் சாக்கடைக்கு மேலே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ராஜாவின் முட்டையாக இருந்தால்? கையை இழுத்துக்கொண்டேன். பெட்டையை அடைக்கு வைத்தேன். இருபத்தோரு நாளும் சோறு இறங்கவில்லை.

ஏழு பொரித்தன. ஏழும் லட்சணம். கொண்டை ஏழும் கொட்டைப்பாக்கு. மூன்று மாதம் கழித்து நீங்கள் வந்தீர்கள். முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, மூக்கை அளந்து, இறக்கையை விரித்து, நெஞ்செலும்பைத் தடவி, தலையில் கட்டைவிரலை ஓட்டினீர்கள். ஒவ்வொரு விரல் ஓட்டத்துக்கும் என் உயிர் போய் வந்தது. ஏழாவதைக் கீழே விட்டதும் உங்கள் தாடி நனைந்திருந்தது. "வாப்பா வந்துட்டாரு நைனா" என்றீர்கள்.

அப்போது சொன்னேன் பாய். சொல்லாமல் இருக்கவில்லை நான், அதற்கு அல்லா சாட்சி, என் குலசாமியும் சாட்சி. கேட்டுக்காரர் சேவலைப் பற்றிச் சொன்னேன். ஆனால் சொல்லும்போது வாய் சும்மா இருக்கவில்லை. ரயில் நின்றுவிட்டது என்றேன், டிரைவரே இறங்கி ஓடி வந்தார் என்றேன். சேவல் ஆறடி எகிறியது என்றேன். அதற்கு முந்தின கதைகள் வேறு உங்கள் நினைவில் இருந்தன. அடைக்கூடையைச் சுற்றின நாகத்தை வெறும் கையால் பிடித்தேன் என்று எழுதியிருந்தேனே, அது ஓணான்.

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "போன தபா நாகம், இந்த தபா ரயிலா? உன் வாயில நெசம் வர அன்னிக்கி நம்ப உப்பு ஏரித்தண்ணி தித்திக்கும்."

இல்லை பாய், இது நிஜம் என்றேன்.

"நெசமா இருந்தா கொண்ட சொல்லாதா?" என்று குஞ்சைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். கொண்டை மொழுக்கென்று இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த அந்த நிமிஷத்தில் பயம் இறங்கியது மாதிரிதான் இருந்தது. உங்கள் பங்குக்கு மூன்றை எடுத்துக்கொண்டு போனீர்கள். நாலை என்னிடம் விட்டீர்கள். அடுத்த மழையில் காய்ச்சல் கண்டு நீங்கள் படுத்தபோது வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, வாப்பா பேர் நின்றது உன்னாலதான் என்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்து மறுபடியும் ரயில் கதையை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

என்னிடம் இருந்த நாலில் ஒரு ஜோடியைச் சேர்த்தேன். இந்தத் தடவை முள்வேலி, அதற்குள் பனையோலைத் தட்டி, அதற்குள் கூடை. யாருக்கும் காட்டவில்லை. கேட்டுக்காரருக்கு மாற்றல் வந்து, அந்தச் சேவலை அவரே குழம்பு வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, சாப்பிட முடியவில்லை. ஆக, வெளியிலிருந்து வர வழியே இல்லை. ஆனாலும் அந்தக் குப்பைமேட்டுக்காரன் வந்துவிட்டான். அப்பனும் ஆத்தாளும் மொழுக்கென்ற கொண்டை, பிள்ளைக்கு ரம்பம். ஒரு தலைமுறை பதுங்கிக் கிடந்துவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே எட்டிப் பார்க்கிறான்.

இது என் வீட்டோடு முடிகிற காரியமாக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன். போன வாரம் பொன்னேரிச் சந்தையில் உங்கள் ஊர் ஆள் சொன்னார். ஊத்துக்கோட்டையிலிருந்து கோழி வளர்க்கிறவர் ஒருவர் வந்து கேட்டாராம். உங்களிடம் இருந்த மூன்றிலிருந்து ஒரு ஜோடியை அவருக்குக் கொடுக்க உங்கள் வீட்டில் பாயம்மா சம்மதித்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறார். அங்கே போய் நூறாகும், நாலு ஊருக்குப் போகும், போகிற இடமெல்லாம் பாய் வம்சம் என்று உங்கள் பேரைச் சொல்வார்கள். பிறகு ஒரு நாள் எங்கோ ஒரு முற்றத்தில் எவனாவது ஒரு குஞ்சின் தலையில் விரலை ஓட்டுவான். அந்தப் பாய் ஏமாற்றிவிட்டான் என்பான். அதுதான் பாய் என் பயம். உங்கள் மூன்றும் ராஜாவின் பிள்ளைகளாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த ஜோடியைச் சேர்த்துக் குஞ்சு பார்க்கிற வரைக்குமாவது கொடுக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலைப் பாசஞ்சருக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். பாயம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று முற்றத்தில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை சொல்லும்போதே டிரைவர் இறங்கி ஓடி வந்துவிட்டார். திண்டாடிப்போய் நின்றேன். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி குஞ்சைப் பிடித்துச் சின்னக் கூடையில் போட்டு, மேலே துணியைக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"நீ வாயத் தொறக்காத. கூடையத் தொற."

கூடை இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே கீச்கீச்சென்று கத்துகிறான். அவனைக் குழம்பில் போட எனக்கு மனசு வரவில்லை. பாதி உங்கள் வாப்பாதானே அவனும். பாயம்மா என்ன சொல்வார்களோ, அழுவார்களோ, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்பார்களோ, வாசலோடு அனுப்பிவிடுவார்களோ. நினைக்க நினைக்க உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்குகிறது. ஆனால் நிஜமாக இருந்தால் கொண்டை சொல்லாதா என்று கேட்டீர்களே, சொல்லிவிட்டது. அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

துணியை விலக்கி இப்போது இன்னொரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தேன். மேலே ஏழு பல் என்று எழுதிவிட்டேன். ஐந்துதான் பாய்.